பரண் நிறைந்ததா, மேடை போதவில்லையா?

பிள்ளைகள் ஒன்றைக் குறித்துத் திரும்பத் திரும்ப முறையிடும்போது, அதனை அவர்களுடைய பொறுமையின்மை என்று எண்ணிவிடுவது பெற்றோராகிய நமக்கு எளிது. அண்மையில் நாமும் அவ்வாறே தவறினோம். வாசக அன்பர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் அதனை இங்கே எழுதுகிறோம்.

நம் இல்லத்தில் 2019-ஆம் ஆண்டில் வாங்கிய மடிக்கணினி ஒன்று உண்டு. கல்லூரியில் வணிகவியல் பயிலும் நம் மகள், “அப்பா, கணினி நின்று நின்று போகிறது” என்று பல வாரங்களாகச் சொல்லி வந்தாள். “கண்டதையெல்லாம் திறந்து வைத்தால் அப்படித்தான்” என்று நாம் கடிந்துகொண்டோம். போதாக்குறைக்கு, அதிலிருந்த பழைய புகைப்படங்களையும் அழிக்கச் செய்தோம். ஓர் இரவு, கல்லூரிக்கு அனுப்பவேண்டிய கட்டுரை திறந்திருந்த நிலையிலேயே கணினி அசைவற்று நின்றுவிட்டது. அது மீண்டு வருவதற்குள் கெடு கடந்துவிட்டது. அவள் நம்மிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனந்தான் நம்மைச் சிந்திக்க வைத்தது.

மறுநாள் கடைகளில் விசாரித்தோம். “ராம் கூட்டிவிடுங்கள், பறக்கும்” என்றார் ஒருவர். “பழையதில் பணம் போடாதீர்கள், புதிது வாங்குங்கள்” என்றார் மற்றொருவர். இருவருமே கணினியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கணினித் துறையில் பணியாற்றும் நம் சகோதரியின் மகன்தான், “மாமா, கடைக்காரரைக் கேட்பதற்கு முன் கணினியையே கேட்டுவிடலாமே” என்றான்.

அவன் விளக்கியதை நம் வீட்டு மொழியில் சொல்வதானால் இவ்வாறு சொல்லலாம். கணினியிலுள்ள ஹார்ட் டிஸ்க் நம் வீட்டுப் பரணைப் போன்றது. நெடுநாள் வைத்திருக்கவேண்டியவை அங்கே இருக்கின்றன. ராம் எனப்படும் நினைவகமோ சமையலறை மேடை. அப்போதைக்கு வேண்டியவற்றைக் கைக்கெட்டும்படி பரப்பிக்கொள்ளும் இடம் அது. மேடை சிறியதாக இருந்தால், ஒன்றை வைப்பதற்காக மற்றொன்றைப் பரணில் ஏற்றுவதும், மறு நிமிடமே ஏணி வைத்து அதை இறக்குவதுமாக இருக்கவேண்டும். சமையல் எப்படி நடக்கும்? நம் கணினியில் பரணோ 1,000 ஜி.பி.; மேடையோ வெறும் 4 ஜி.பி. படங்களை அழித்ததால் பரணில்தான் இடம் பிறந்தது. மேடை ஒரு விரற்கடையேனும் அகலவில்லை.

இதனைச் சோதித்தறிய யாதொரு செலவும் இல்லை. விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் என்னும் பலகை திறக்கும். கணினியை முடுக்கிச் சில நிமிடங்கள் கழித்து, எதையும் திறக்காமல் பார்த்தோம்: நினைவகத்தில் பாதிதான் செலவாகியிருந்தது, டிஸ்க் அமைதியாக இருந்தது. பிறகு மகள் வழக்கம்போல் இணைய வகுப்பையும், பாடக்குறிப்பையும், கட்டுரையையும் திறந்தாள். நினைவகம் 92 விழுக்காட்டைத் தொட்டது. உடனே டிஸ்க்கும் 100 விழுக்காட்டுக்கு ஏறிற்று. டிஸ்க்கை மட்டும் பார்ப்பவர் டிஸ்க்கே பழுதென்று முடிவு கட்டியிருப்பார். உண்மையில் அது, மேடையில் இடமில்லாமல் பரணுக்கும் கீழுக்கும் ஏறி இறங்கிய அலைச்சலே. எதையும் திறக்காத நிலையிலும் டிஸ்க் ஓயாது உழைத்துக்கொண்டிருந்தால், குறை வேறு என்று கொள்ளலாம்.

தேவையற்றதை அவள் திறக்கவில்லை. படிப்புக்கு வேண்டிய மூன்றையே திறந்தாள். பழுது பொருளில் இருந்தது. பழி பிள்ளைமேல் விழுந்தது.

நோய் தெரிந்தபின்னும் மருந்துக்குச் செலவிடலாமா என்ற வினா எஞ்சிற்று. மூன்று செய்திகளைப் பார்த்தோம். முதலாவது, ராம் பொருத்த இடம் இருக்கிறதா? இரண்டு இடங்களில் ஒன்று காலி என்று அதே பலகை காட்டிற்று. சில மடிக்கணினிகளில் ராம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். 2020 முதல் ஆப்பிள் நிறுவனம் தன் சொந்தச் சில்லுகளுடன் வெளியிட்டுவரும் மடிக்கணினிகளில் பின்னர் ராம் கூட்ட வழியே இல்லை. இரண்டாவது, எந்த இனம்? டி.டி.ஆர். 3, 4, 5 என்பவை ஒன்றுக்கொன்று பொருந்தா. அவற்றின் வெட்டுப்பள்ளங்களே இடம் மாறியிருக்கும். மூன்றாவது, இந்தக் கணினிக்கு இன்னும் எத்தனை ஆண்டு ஆயுள்? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத கணினியில் பணத்தைப் போடுவதற்கு முன் இருமுறை எண்ணவேண்டும். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பி.சி. ஹெல்த் செக் என்னும் செயலி, நம் கணினி ஏற்கும் என்று கூறிற்று. விண்டோஸ் 11-க்குக் குறைந்த அளவு 4 ஜி.பி. என்கிறார்கள், அது நிற்பதற்குப் போதுமேயன்றி நடப்பதற்குப் போதாது.

எவ்வளவு கூட்டுவது? 16 ஜி.பி. வரை போகலாமே என்ற ஆசை நமக்கும் எழாமலில்லை. ஆனால் செயற்கை நுண்ணறிவுக்கான பெருங்கணினிக் கூடங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்கியதால், 2025-இன் இறுதியில் ராமின் விலை கடுமையாக உயர்ந்திருந்தது. திறந்திருந்த செயலிகளெல்லாம் சேர்ந்து கேட்ட அளவு ஏறக்குறைய 6 ஜி.பி. என்று பலகை காட்டியதால், இன்னொரு 4 ஜி.பி. சேர்த்து எட்டோடு நிறுத்திக்கொண்டோம். காணொளி தொகுப்போருக்கு எட்டு போதாது. கட்டுரையும் கணக்கும் எழுதுவோருக்குப் போதும்.

இப்போது வகுப்பும் கட்டுரையும் தடையின்றி நடக்கின்றன. கணினி விழித்தெழுவது மட்டும் முன்போலவே மெதுவாகத்தான்; ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தினால் அதுவும் தீரும். அதனை அடுத்த ஆண்டுக் கணக்கில் வைத்திருக்கிறோம்.

அன்பர்களே, நினைவகக் குறைவை மட்டுமே நினைவகம் தீர்க்கும். ஆகவே அளந்து பார்த்துச் செலவிடுங்கள். அளந்து பார்க்குமுன் பிள்ளைகளைக் கடியாதீர்கள். ராம் பொருத்திய அன்று மாலை, “நீ சொன்னதுதான் சரி, அம்மா” என்று மகளிடம் கூறினோம். “பல வாரமாகச் சொன்னேனே, அப்பா” என்று சிரித்தாள். அவள் சொன்னபோதே அரை மணி நேரம் அருகில் அமர்ந்து பார்த்திருந்தால், அந்தக் கட்டுரை உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்கும்.