எல்லை கடக்கும் பழைய துப்பாக்கி: சட்டத்தில் தெளிவு தேவை

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மறையூருக்கு மேலே மலைச்சரிவில் அமைந்துள்ளது காந்தலூர். பூண்டும் காய்கறியும் விளையும் அந்த ஊரில் தமிழர்கள் பெருமளவில் வாழ்கின்றனர். அவர்களுக்குக் கொள்வினை கொடுப்பினை எல்லாம் உடுமலைப்பேட்டையுடன்தான். மாநில எல்லை என்பது அவர்களைப் பொருத்தவரை சின்னாறு சோதனைச் சாவடியில் பேருந்து சற்று நேரம் நிற்கும் இடம், அவ்வளவே.

ஆனால், உடுமலையில் வாழ்ந்த தாத்தா இறந்து, அவருடைய உரிமம் பெற்ற பழைய துப்பாக்கி காந்தலூரில் உள்ள பேரனுக்கு வந்து சேர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் அந்த எல்லை எத்தனை உயரமானது என்பது தெரியும். துப்பாக்கி இருப்பது திருப்பூர் மாவட்ட ஆட்சியரின் அதிகாரத்தில். பேரன் உரிமம் கேட்டு நிற்க வேண்டியது இடுக்கி ஆட்சியரிடம். இடையே உள்ள சாலையோ, தமிழகத்தில் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தையும் கேரளத்தில் சின்னாறு வனவிலங்குச் சரணாலயத்தையும் ஊடுருவிச் செல்கிறது. தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அவர் அதிகாரம் அளித்த அலுவலரின் எழுத்துபூர்வமான முன் அனுமதியின்றி ஆயுதத்துடன் சரணாலயத்தினுள் நுழையக் கூடாது என்கிறது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-வது பிரிவு. ஆக, ஒரு துப்பாக்கி சில மணி நேரப் பயணத்தில் இரண்டு மாநிலங்களின் வருவாய், காவல், வனத் துறைகளின் எல்லைகளைக் கடந்தாக வேண்டும்.

ஆயுதங்கள் பற்றிச் சட்டம் இயற்றும் அதிகாரம், அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலில் 5-வது இனமாக உள்ளது. காவல்துறையும் பொது அமைதியும் மாநிலப் பட்டியலில் உள்ளன. சட்டம் தில்லியில் பிறக்கிறது; அதற்குப் பொருள் சொல்வதோ சோதனைச் சாவடியில் நிற்கும் காவலர். சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தைப் புரட்டினால், பழைய துப்பாக்கிகள் மூன்று நிலைகளில் வைக்கப்பட்டிருப்பது புலனாகும். பழுது பார்த்தாலும் சுட முடியாத, வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புடைய ஆயுதத்துக்கு இச்சட்டமே பொருந்தாது என்கிறது 45-வது பிரிவு. அடுத்து, அரும்பொருள் என்ற வகையில் வரும் துப்பாக்கிகள். இவற்றை இந்தியக் குடிமக்கள் வைத்திருக்க உரிமம் தேவையில்லை என்று 2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் அறிவித்தது. ஆனால், அவற்றைப் பயன்படுத்தவும், எடுத்துச் செல்லவும், வேறிடத்துக்கு அனுப்பவும் உரிமம் வேண்டும் என்றும் அதே அறிவிப்பு கூறுகிறது. வீட்டுச் சுவரில் தொங்கும் வரை குற்றமற்ற பொருள், வீடு மாறும்போது லாரியில் ஏற்றப்பட்டால் வழக்குக்குரிய பொருளாகிவிடும். மூன்றாவது, சுடும் நிலையில் உள்ளவை. இவற்றுக்கு உரிமம் கட்டாயம்.

இந்த மூன்றில் தன்னிடம் உள்ளது எது என்பதை ஒரு விவசாயி எப்படி அறிவார்? 303 ரக ராணுவத் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். அதன் தோட்டா ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் உரியது என்பதால், 1962-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் அத்துப்பாக்கியை முதல் வகையில், கடும் கட்டுப்பாட்டுக்குள் வைத்தன. அதே லீ என்ஃபீல்டு அமைப்பில், வேறு தோட்டாவுக்காக இச்சாப்பூர் தொழிற்சாலை பொதுமக்களுக்கெனத் தயாரித்தது 315 ரகம். பழக்கமில்லாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முன்னது கையில் இருந்தால் கடும் தண்டனை; பின்னது சாதாரண உரிமத்தில் அடங்குவது. இரவு நேரச் சோதனையில் இந்த வேறுபாட்டை யார் விளக்குவது?

2019 டிசம்பரில் இச்சட்டம் திருத்தப்பட்டபோது, இதையெல்லாம் விவாதிக்க நாடாளுமன்றத்துக்கு நல்வாய்ப்பு கிடைத்தது. ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வைத்திருக்கலாம் என்பதை ஒன்றாகக் குறைக்க வந்த மசோதா, இறுதியில் இரண்டு என்று நிறைவேறியது. மரபுவழி வருபவையும் இந்த எண்ணிக்கைக்குள் அடங்க வேண்டும். உரிமமின்றி வைத்திருப்பது, அனுமதியின்றி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்வது ஆகியவற்றுக்கான தண்டனை, ஓராண்டு முதல் மூன்றாண்டு என்பதிலிருந்து இரண்டாண்டு முதல் ஐந்தாண்டு வரை என உயர்ந்தது. மக்களவையில் மசோதா நிறைவேறிய டிசம்பர் 9 அன்றுதான் குடியுரிமைத் திருத்த மசோதாவும் அங்கு அறிமுகமாகி, நள்ளிரவு தாண்டி நிறைவேறியது. நாட்டின் கவனம் முழுவதும் அதில் இருந்தது. நிலைக்குழுவின் பரிசீலனைக்குச் செல்லாமலேயே ஆயுதச் சட்டத் திருத்தம் மறுநாள் மாநிலங்களவையையும் கடந்தது. தண்டனை உயர்ந்தது; தெளிவு பிறக்கவில்லை.

கட்டுப்பாடே வேண்டாம் என்பதல்ல நமது வாதம். 2023-இல் மணிப்பூரில் காவல்துறைக் கிடங்குகளிலிருந்து ஆயிரக்கணக்கான ஆயுதங்கள் சூறையாடப்பட்டதை நாடு கண்டது. பழைய துப்பாக்கி என்பதால் அதன் குண்டு உயிரைக் குடிக்காமல் விட்டுவிடாது. மலைக்காடுகளில் வேட்டைக் கும்பல்களின் அச்சுறுத்தலும் உண்டு. கடுமை தேவைதான். ஆனால், கடத்தல்காரன் அனுமதி கேட்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு வருவதில்லை. வருபவர் சட்டத்தை மதிக்கும் குடிமகன். தெளிவற்ற விதி அலைக்கழிப்பது அவரைத்தான்.

இன்னொன்றையும் கருத வேண்டும். பயிரை அழிக்கும் காட்டுப் பன்றிகளைக் கொல்ல உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு 2022-இல் வழங்கியது கேரளம். உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்போரின் உதவியை நம்பியே அந்த ஏற்பாடு அமைந்தது. மலையோர ஊர்களில் முறையான துப்பாக்கி விவசாயத்தோடும் தொடர்புடையது என்பதை அரசே ஒப்புக்கொண்டதற்கு இது சமம்.

செய்ய வேண்டியவை மிகக் கடினமானவையும் அல்ல. துப்பாக்கி உரிமங்களுக்கான தேசியத் தரவுத் தளம் ஏற்கெனவே உள்ளது. இரு மாவட்ட ஆட்சியர்களும் வனத்துறையும் அதன் வழியாகவே ஒப்புதல் தந்து, ஒரே அனுமதிச் சீட்டு வழங்க வழி செய்யலாம். ஒரு துப்பாக்கி சுடும் நிலையில் உள்ளதா, எந்த ரகம் என்பதை மாவட்டக் காவல்துறையின் ஆயுதப் பிரிவு குறிப்பிட்ட நாள்களுக்குள் ஆய்ந்து சான்று தர வேண்டும்; அச்சான்று எல்லா மாநிலங்களிலும் செல்ல வேண்டும். விதிகளின் சுருக்கம் தமிழிலும் மலையாளத்திலும் எல்லையோர ஊராட்சி அலுவலகங்களிலும் சாவடிகளிலும் வைக்கப்பட வேண்டும். உள்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, 2019-இல் தவறவிட்ட பரிசீலனையை இனியேனும் மேற்கொள்ளலாம்.

உரிமம் பெற்றவர் எழுபது வயதை எட்டினாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ தம் வாரிசுக்கு அதை மாற்றித்தர 2016-ஆம் ஆண்டின் விதிகள் இடமளிக்கின்றன. வாரிசுரிமையை ஏற்கும் சட்டம், அந்த வாரிசின் கைக்கு அது சென்று சேரும் பாதையையும் தெளிவாகச் சொல்ல வேண்டாமா? காந்தலூர் பேரனின் கேள்வி இதுதான். விடை சொல்லும் பொறுப்பு நாடாளுமன்றத்துக்கு உண்டு.