பாட்டியின் வாயைக் கட்டாதீர்கள்

"மூணு பாசையப் போட்டுக் கொழப்புனா கொழந்தைக்கு எப்படிங்க பேச்சு வரும்?" சத்தியமங்கலம் பக்கம், பேச்சு தாமதமான பிள்ளையைப் பெற்றவர்கள் இதைக் கேட்காமல் தப்ப முடியாது. சொந்தக்காரர் சொல்வார், பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள், சில மருத்துவர்களும் சொல்கிறார்கள். ஆட்டிசம் என்று உறுதியாகிவிட்டால் அந்த அறிவுரை கட்டளையாகிவிடும்: இனி வீட்டில் ஒரே மொழி, அதுவும் ஆங்கிலம்.

சுத்த அபத்தம். பல மொழி கேட்டால் பேச்சு அடைத்துப்போகும் என்றால், திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளுக்கு அப்பால் தாளவாடியில் பாதிப் பிள்ளைகள் வாயே திறந்திருக்கக் கூடாது. அங்கே வீட்டில் கன்னடம், கடைகண்ணியில் தமிழ், பாடப்புத்தகத்தில் ஆங்கிலம். கீழே சத்தியமங்கலத்திலும் (எங்களுக்குச் சத்தி) கன்னடம், தெலுங்கு பேசும் வீடுகளுக்குப் பஞ்சமில்லை. ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் ஏற்படும் வேறுபாடு. ஒற்றை மொழி பேசும் ஊரிலும் அது உண்டு. கனடாவில் ஆட்டிசம் உள்ள 75 பிள்ளைகளை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். இருமொழிச் சூழலில் வளர்ந்தவர்கள் அதனால் கூடுதலாகப் பின்தங்கவில்லை. பிறகு வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் இதையேதான் சொல்கின்றன.

ஒரே மொழி என்ற கட்டளையால் பிள்ளை இழப்பது என்ன? சத்தி மல்லிகைக்குப் பேர்போன ஊர். பாட்டி திண்ணையில் பூக்கட்டுகிறாள். பேரன் மொக்குகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கிறான், யாரையும் பார்ப்பதில்லை. பாட்டி கையை நீட்டி, "ஒண்ணு குடு சாமி" என்கிறாள். காத்திருக்கிறாள். அவசரப்படுத்தவில்லை. அவன் ஒரு மொக்கை வைக்கிறான். "அட தங்கமே!" மறுபடி கை நீள்கிறது. இப்போது அவன் பாட்டியின் முகத்தைப் பார்க்கிறான். பிள்ளை கவனிப்பதில் நாமும் சேர்ந்துகொள்வது, முறை வைத்து மாறிமாறிச் செய்வது, காத்திருந்து பதில் வாங்குவது: பயிற்சி மையத்தில் கட்டணம் கட்டிக் கற்பதும் இதைத்தான். அந்தப் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. அவள் வாயை அடைத்துவிட்டால் மிஞ்சுவது, தட்டுத்தடுமாறிப் பேசும் அம்மாவின் "சிட்", "கம்", "வாட் இஸ் திஸ்?" மட்டுமே. கட்டளையும் கேள்வியும் உண்டு; கொஞ்சல், கேலி, செல்லத் திட்டு எதுவும் இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் யாருக்குத்தான் பேசத் தோன்றும்?

"எங்க பையன் யூடியூப் பார்த்து ஏ டூ இசட் சொல்றானுங்களே, அவனுக்கு இங்கிலீஸ்தான் வருது" என்பார்கள். வரட்டும். ஆனால் தாகம் எடுத்தால் அவன் தண்ணீர் கேட்கிறானா? ஒப்பித்தல் மட்டுமே உரையாடல் ஆகிவிடாது. அவன் நிஜமாகவே ஆங்கிலத்தில் ஒன்றைக் கேட்டால் அதிலேயே பதில் சொல்லுங்கள்; அதற்காக உங்கள் மொழியை நிறுத்த வேண்டியதில்லை.

கோவாவிலும் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைக் கொண்ட 65 குடும்பங்களோடு நடந்த ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. சிறப்பு நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள், பிள்ளையின் போக்குக்கு இசைந்து பதில் தரப் பெற்றோரைப் பழக்கினார்கள். பிள்ளைகள் தாமாக முன்வந்து தொடர்புகொள்வது கூடியது. அப்படி இசைந்து பேச, யோசிக்காமல் வாயில் வரும் மொழி வேண்டாமா?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: எல்லா மொழியும் தெரிந்த பேச்சுப் பயிற்சியாளர் கிடைப்பது அரிது. தாளவாடிக் குடும்பம் மைசூரு போனால் கன்னடத்தில் பேசலாம். கோவைக்கு வந்தால் அது கிடைக்காமல் போகலாம். அதற்கு வீட்டைத் தண்டிப்பதா? பேச்சு தாமதம் என்றால் முதலில் காது கேட்கிறதா என்று சோதியுங்கள். "வளர்ந்தா பேசிருவான்" என்று காலம் கடத்தாதீர்கள். மதிப்பீட்டுக்குப் போகும்போது பிள்ளை சொல்லும் சொற்களை எல்லா மொழியிலும் எழுதி எடுத்துப் போங்கள். கன்னடத்தில் 'நீரு', தமிழில் 'பூ' என்றால் கணக்கு இரண்டு. ஒரு மொழியை மட்டும் எண்ணிவிட்டுக் குறை என்று எழுதினால், மற்றதையும் எண்ணச் சொல்லிக் கேளுங்கள். பயிற்சியாளருக்கு உங்கள் மொழி புரியவில்லையா? பாட்டியையும் உள்ளே கூட்டிப்போய் உட்கார வையுங்கள்.