தோளில் இரும்பு, கொப்பியில் "விழுந்தது"

புதுக்குடியிருப்பிலிருந்து சித்தியைக் கூட்டிக்கொண்டு விடிய நாலரை பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனேன். பரந்தனில் இறங்கி மாறவேண்டும். எட்டு மாதமாக அவரால் வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. தலை இழுத்துவிடுவதும் கிணற்றில் அள்ளுவதும் மகள்தான். உள்ளூர் வைத்தியசாலையில் நோ மாத்திரையும் பூசுமருந்தும் மாறி மாறிக் கொடுத்தார்கள். கடைசியில் தனியார் இடமொன்றில் என்பு முறிவு நிபுணரைச் சனல் பண்ணினோம். ஐந்து நிமிடம் பார்த்தார், எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார்.

ஸ்கானுக்கு முன் ஒரு படிவம் தந்தார்கள். உடம்பில் உலோகம் ஏதும் உண்டா என்று ஒரு கேள்வி. சித்தி "இல்லை எண்டு போடு" என்றார்.

"சித்தி, மாத்தளனில பட்டது?"

"பேசாம இரு பிள்ளை. எழுதினா பிறகு விசாரிப்பாங்கள்."

எம்ஆர்ஐ இயந்திரம் பெரிய காந்தம். உள்ளே கிடக்கும் இரும்புத் துண்டு அசையலாம், சூடேறலாம். நரம்புக்கோ இரத்தக் குழாய்க்கோ கண்ணுக்கோ பக்கத்தில் இருந்தால் ஆபத்து அதிகம். நான் தொழில்நுட்பவியலாளரிடம் சொல்லிவிட்டேன். எக்ஸ்ரேயில் தோட்பட்டைக்குக் கீழே இரண்டு துண்டுகள் தெரிந்தன. பிறகு அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். தசைநாண் கிழிந்திருந்தது.

கிளினிக் கொப்பியைப் புரட்டினேன். எட்டு மாதமும் "விழுந்தது" என்றே இருந்தது. சித்தி சொன்னதைத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் அவரைப் பொய் சொன்னார் என்று குற்றம் சாட்ட என்னால் முடியாது. 2009 இல் காயத்தோடு வெளியே வந்தவர்களிடம் எப்படிக் கேள்வி கேட்டார்கள் என்பதை அவர் கண்ணால் கண்டவர். பதினைந்து வருடத்துக்கு மேலாகியும், வெள்ளைச் சட்டை போட்டவர் சிங்களத்தில் "எப்படி நடந்தது?" என்று கேட்டால் அந்த வாசல்தான் அவருக்கு ஞாபகம் வருகிறது.

இலங்கையில் அரச மருத்துவம் இலவசம். எங்கள் பக்கத்தில் அதன் விலை பஸ் காசு, ஒரு நாள் கூலி, கூட வர ஒரு ஆள். 2022 நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனது எல்லா மாவட்டத்துக்கும் அடிதான். ஆனால் முதலே நிபுணர் குறைந்த வன்னிக்கு அது வேறு கணக்கு. 2018 இல் இழப்பீட்டுக்கான அலுவலகச் சட்டம் வந்தது. விண்ணப்பிக்கலாம் என்று நான் சொன்னபோது சித்தி சிரித்தார். செஞ்சிலுவைக் கப்பலில் திருகோணமலைக்குப் போனபோது கொடுத்த மருத்துவத் துண்டு முகாமிலேயே தொலைந்துவிட்டது. காயத்துக்கு மிஞ்சியிருந்த ஒரே சாட்சி தோளுக்குள் இருக்கிறது.

பெரிய திட்டம் எதுவும் நான் கேட்கவில்லை. வடக்குக் கிழக்கில் நோவென்று வரும் எவரிடமும், தனியாக, தமிழில், "பழைய சன்னக் காயம் ஏதும் இருக்கோ?" என்று ஒருவர் கேட்டால் போதும். அதைச் சொன்னால் தகவல் வைத்தியசாலையைத் தாண்டிப் போகாது என்ற உறுதியும் கூடவே வேண்டும். தாதியர் ஒருவரால் ஒரு நிமிடத்தில் செய்யக்கூடியது. அது நடந்திருந்தால் இந்த எட்டு மாதத்தில் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

நிபுணர் இப்போது அரச கிளினிக்குக்கு மாற்றிவிட்டிருக்கிறார். முதலில் இயன்மருத்துவம், பிறகுதான் சத்திரசிகிச்சையா என்பதை முடிவு செய்வார்களாம். புதுக் கொப்பியில் சித்தி "ஷெல் காயம், 2009" என்று எழுத விட்டார். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கொப்பியை அலுமாரியில் சீலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார்.