காய்ச்சல் கண்டவரின் தொழில் என்ன?

கேரளத்தில் நிப்பாக் காய்ச்சல் என்று செய்தி வரும்போதெல்லாம் தோட்டத்துத் தோழர்கள் நம்மிடம் கேட்பது ஒன்றுதான்: "ஐயா, அது நம்ம நாட்டுப் பெயராச்சே?" ஆம், நமது நாட்டுப் பெயர்தான். நெகிரி செம்பிலானில், போர்ட் டிக்சன் மாவட்டத்துப் புக்கிட் பெலண்டோக் வட்டாரத்தில், சுங்கை நிப்பா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அவ்வூர் நோயாளி ஒருவரிடமிருந்து பிரித்தெடுத்த விஷக்கிருமிக்கு அவ்வூரின் பெயரையே இட்டார்கள். நமது நாட்டுச் சிற்றூர் ஒன்று உலக மருத்துவ நூல்களில் ஏறியது இப்படித்தான். பெருமை கொள்ளத்தக்க சங்கதியன்று.

அந்தக் கிருமி இன்னதென்று தெரிய ஏறக்குறைய ஆறு மாத காலம் பிடித்தது. அந்த ஆறு மாதத்தில் மடிந்தவர்கள் பெரும்பாலும் உழைப்பாளிகள். ஏன் அவ்வளவு தாமதமாயிற்று என்பதைத் தோட்டத் தொழிலாளர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்று நாம் கருதுகின்றோம். பன்றிப் பண்ணைக்கும் பால்மரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எண்ணற்க. சம்பந்தம் இருக்கிறது.

1998-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதக் கடைசியில், பேராக் மாநிலத்து ஈப்போவுக்கு அருகே பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தோருக்குக் காய்ச்சல் கண்டது. கடுமையான தலைவலி, வாந்தி, தலைசுற்றல். பிறகு பிதற்றல், மயக்கம், நினைவிழப்பு. பலர் கண் திறக்காமலே போனார்கள். தொடக்கத்தில் சிலருடைய இரத்தத்தைச் சோதித்தபோது ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் அடையாளம் தென்பட்டது. அது பன்றியின் இரத்தத்தில் வளர்ந்து கொசுவால் மனிதருக்கு வரும் நோய், இந்நாட்டுக்குப் புதியதுமன்று. ஆகவே அதிகாரிகள் அந்த முடிவுக்கு வந்ததை நாம் குறை சொல்ல மாட்டோம். கொசுவுக்கு மருந்துப்புகை அடித்தார்கள்; மக்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள்.

சாவு நிற்கவில்லை. நோய் கண்ட வட்டாரத்துப் பன்றிகள் தெற்கே கொண்டு செல்லப்பட்டன. பன்றியோடு நோயும் லாரி ஏறியது. ஆண்டு முடிவதற்குள் சிரம்பானுக்கு அருகேயுள்ள சிக்காமாட்டிலும், பின்னர் புக்கிட் பெலண்டோக்கிலும் அது பரவிற்று. புக்கிட் பெலண்டோக்கில்தான் பேரழிவு.

நாம் குறை சொல்வது வேறொன்றை. கொசு ஆள் பார்த்துக் கடிப்பதில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சலோ பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும் நோய். இங்கே படுத்தவர்கள் திடகாத்திரமான வளர்ந்த ஆடவர்கள். அக்கம்பக்கத்துக் கம்பத்தில் வசித்த மலாய்க்காரர்களையும் அதே கொசுக்கள் கடித்தன. அவர்களுக்கு இந்நோய் வரவில்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பன்றிகளே இருமிக்கொண்டிருந்தன. அது நெடுந்தூரம் கேட்கும் இருமல். அதற்கு 'ஒரு மைல் இருமல்' என்று பெயரே ஏற்பட்டுவிட்டது. ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் பன்றி அப்படி இருமுவதில்லை.

இவற்றை யார் கண்டார்கள்? பட்டியைக் கழுவியவன் கண்டான். ஈனும் பன்றிக்குப் பக்கத்தில் நின்றவன் கண்டான். நோயுற்ற பன்றியைப் பிடித்து ஊசி போட உதவியவன் கண்டான். நோயுற்றோரில் பெரும்பகுதியினர் சீனப் பண்ணைக்காரர்களும் அவர்தம் குடும்பத்தாருமே. அங்கே கூலிக்கு உழைத்த இந்தியரும் அவர்களிடையே உண்டு. பன்றிக்கு வந்ததுதான் மனிதனுக்கும் வருகிறது என்று பண்ணை மக்கள் சொல்லத்தான் செய்தார்கள். படிக்காதவன் பேச்சு என்று அது ஒதுக்கப்பட்டதா, எழுதிக்கொள்ள ஆள் இல்லாமல் போயிற்றா, எப்படியாயினும் அந்தச் சாட்சியம் மருத்துவமனைக் காகிதத்தில் ஏறுவதற்குள் காலம் கடந்துவிட்டது.

1999 மார்ச் மாதத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்து டாக்டர் சுவா காவ் பிங், நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து ஒரு கிருமியை வளர்த்தெடுத்தார். அது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமியாகத் தோன்றவில்லை. அதை எடுத்துக்கொண்டு அமெரிக்கா சென்றார். அங்கே, இது இதுவரை உலகம் அறியாத கிருமி என்று உறுதியாயிற்று. அதன் பிறகே எல்லாம் மாறின. கையுறை, முகமூடி, பண்ணையிலிருந்து மக்களை வெளியேற்றுதல், இராணுவத்தைக் கொண்டு பன்றிகளை அழித்தல் என்று வேலை நடந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. நோயும் ஓய்ந்தது. கணக்கு முடிந்தபோது நோயுற்றோர் 265 பேர். மாண்டோர் 105 பேர். சிங்கப்பூரில், மலேசியப் பன்றிகளை அறுத்த இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்கு நோய் கண்டு ஒருவர் இறந்தார். அங்கேயும் தொழில்தான் நோய்க்கு வழிகாட்டியது என்பதைக் கவனிக்க.

இந்நாட்டில் 1999-க்குப் பிறகு மனிதருக்கு நிப்பா கண்டதில்லை. அதனால் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஆனால் கிருமி நாட்டை விட்டுப் போய்விடவில்லை. அதன் வீடு பன்றியன்று, பழந்தின்னி வௌவால். மலாயில் கெலுவாங் என்பார்கள். ஜொகூரில் குளுவாங் நகருக்குப் பெயர் வந்ததே அதனால்தான். தியோமான் தீவு வௌவால்களின் சிறுநீரிலிருந்து இதே கிருமியைப் பின்னர் எடுத்துக் காட்டினார்கள். வௌவாலை அது நோயில் தள்ளுவதில்லை. சிறுநீரிலும் எச்சிலிலும் வெளியேறுகிறது. ஈப்போ அருகே நோய் தொடங்கிய பண்ணையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பன்றிகள். பட்டியை ஒட்டியே மாந்தோப்பு. வௌவால் கடித்த பழம் பட்டிக்குள் விழுந்தது, பன்றி தின்றது, பன்றியிலிருந்து பன்றிக்கும், பன்றியிலிருந்து ஆளுக்கும் தாவியது. ஒரே நிலத்தில் இரண்டு வரும்படி பார்க்க எண்ணிய கணக்கு அது. அந்தக் கணக்கில் தொழிலாளியின் உயிர் எந்தப் பத்தியிலும் இல்லை.

இதைப் படித்துவிட்டு வௌவாலை அடிக்கக் கிளம்ப வேண்டாம். டுரியான் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பவற்றில் வௌவாலுக்குப் பெரும் பங்கு உண்டு. கலைத்துவிட்ட வௌவால் வேறொரு மரத்துக்குத்தான் போகும். அதைத் தொடாமலிருந்தால் போதும். பால்வெட்டுக்குப் போகிற வழியில் விழுந்து கிடக்கும் மாம்பழத்தையும் கொய்யாவையும் பிள்ளைகளுக்கென்று மடியில் கட்டி வருவது நமது பெண்களின் வழக்கம். கடித்த தடமோ கீறலோ உள்ள பழத்தை எறிந்துவிடுங்கள். மற்றதைக் கழுவித் தோல் சீவிக் கொடுங்கள். ஆட்டுக் கொட்டகை, மாட்டுக் கொட்டகை, பன்றிப் பட்டி எதுவாயினும் பழமரத்துக்கு அடியில் கட்டாதீர்கள். அன்று ஆடு, நாய், பூனை, குதிரை ஆகியவற்றுக்கும் இக்கிருமி தொற்றியது கண்டறியப்பட்டது.

நமது லயங்களில் இன்று வங்காள தேசத்துத் தோழர்களும் வசிக்கிறார்கள். அவர்கள் நாட்டில் 2001 முதல் இந்நோய் அடிக்கடி தலைகாட்டி வருகிறது. அங்கே பன்றி காரணமில்லை. பனிக்காலத்தில் ஈச்சமரத்தில் இறக்கும் பச்சைச் சாறு. இரவில் வௌவால் கலயத்தில் வாய் வைக்கிறது, விடியலில் மனிதன் குடிக்கிறான். நோய் கண்டவரைப் பராமரிப்போருக்கும் அங்கே தொற்றுகிறது. இதைச் சொன்னவுடன் பக்கத்து வீட்டு வங்காளியைக் கண்டு ஒதுங்குபவர் இருப்பார் என்று நமக்குத் தெரியும். அது மடமை. எங்கே போனாய், என்ன குடித்தாய், யாரைப் பராமரித்தாய் என்பதுதான் நோய்க்கு வழியே தவிர, பிறந்த நாடு அன்று. ஊர் போய்த் திரும்பிய சில வாரங்களில் அவருக்குக் காய்ச்சல் கண்டால், அதை டாக்டரிடம் சொல்லும்படி அவருக்கு உதவுங்கள். மொழி தெரியாமல் அவர் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கக் கூடும்.

கேட்டதனால் உயிர் பிழைத்த கதையும் உண்டு. 2018 மே மாதம் கேரளத்துக் கோழிக்கோட்டுப் பக்கத்தில் ஒரே குடும்பத்தில் ஒருவர் இறந்து, அடுத்தவரும் அதே குறிகளோடு மருத்துவமனைக்கு வந்தார். முன்னவர் எப்படி இறந்தார் என்று மருத்துவர்கள் துருவிக் கேட்டார்கள். இரண்டாவது நோயாளியிலேயே ஐயம் கொண்டு, சில நாட்களில் நிப்பா என்று நிச்சயித்துவிட்டார்கள். நோயாளிகளோடு பழகியோரையெல்லாம் தேடிப் பிடித்துக் கண்காணித்தார்கள். 17 பேர் மாண்டார்கள் என்பது உண்மை. முதல் நோயாளியைப் பராமரித்த பேராம்பிரா அரசு மருத்துவமனை நர்ஸ் லினி அவர்களில் ஒருவர். அவரும் தம் தொழிலில் நின்றே உயிர் விட்ட தொழிலாளி. ஆனால் அங்கே ஆறு மாதம் ஆகவில்லை. சில வாரங்களில் அடங்கிற்று.

நோயின் போக்கைச் சுருக்கமாகச் சொல்கின்றோம். தொற்றிய பின் பெரும்பாலும் 4 முதல் 14 நாட்களுக்குள் காய்ச்சல் வரும். அபூர்வமாக இன்னும் நாளாகும். காய்ச்சல், தலைவலி, உடல்வலி, வாந்தி. சிலருக்கு இருமலும் மூச்சுத்திணறலும். தூக்கக் கலக்கம், தடுமாற்றம், உளறல் கண்டால் மூளையைத் தாக்கிவிட்டது என்று பொருள். ஓரிரு நாளில் நினைவு தப்பும். இதைக் குணப்படுத்தவென்று நிச்சயமான மருந்து இல்லை. தடுப்பூசிகள் சோதனையில் இருக்கின்றன. 2024-இல் ஆக்ஸ்ஃபோர்டில் மனிதர்களிடம் ஒன்றைச் சோதிக்கத் தொடங்கினார்கள். மருந்தில்லை என்றால் மருத்துவமனை எதற்கு என்று கேட்கலாம். மூச்சு நின்றால் இயந்திரத்தால் மூச்சுக் கொடுக்கவும், வலிப்பை அடக்கவும், உடலில் நீரும் சத்தும் குன்றாமல் காக்கவும் அங்கேதான் முடியும். 1999-இல் நோயுற்றோரில் பாதிக்கு மேற்பட்டவர் பிழைத்தது இத்தகைய பராமரிப்பால்தான். பிழைத்தவர்களிலும் சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்து நோய் திரும்பியதுண்டு. ஆகவே அவர்களைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். பராமரிப்பவர் நோயாளியின் எச்சில், சளி, சிறுநீர் கையில் படாமல் கையுறையும் முகமூடியும் அணிந்து, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இக்கிருமி சோப்புக்குத் தாங்காது. சூட்டுக்கும் தாங்காது, நன்றாக வெந்த இறைச்சியில் பயமில்லை. மந்திரித்துத் திருநீறு போடுவதைத் தடுக்க நாம் வரவில்லை. ஆஸ்பத்திரி வண்டி வரும் வரை அதைச் செய்துகொள்ளுங்கள்.

இனிக் கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மேசையிலிருக்கும் செக்ரோல் சம்பளக் கணக்குப் புத்தகம் மட்டுமன்று. யார் எந்த நாள் எந்த நிரையில் நின்றான், யார் கொட்டகை வேலைக்குப் போனான், யார் எலி தின்ற மூட்டையை அப்புறப்படுத்தினான் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஒரே வேலையில் நின்ற இருவர் ஒரே வாரத்தில் காய்ச்சலில் படுத்தால், டாக்டருக்கு முன்னே அதைக் காணக்கூடியவர் நீங்கள். அன்று புக்கிட் பெலண்டோக்கில் எந்தப் பட்டியில் வேலை செய்தவன் படுத்தான் என்று முதல் மாதமே ஒருவர் வரிசையாக எழுதிப் பார்த்திருந்தால், கொசுவின் மேல் இருந்த கண் பன்றியின் மேல் திரும்பியிருக்கும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் மானேஜருக்குச் சொல்லுங்கள். மானேஜர் அசட்டை செய்தால் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அது காட்டிக்கொடுப்பதாகாது.

தொழிலாளத் தோழர்களுக்கும் சொல்கின்றோம். கிளினிக்கில் டாக்டர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், காய்ச்சல் என்று சொல்லும் அதே மூச்சில் உங்கள் வேலையையும் சொல்லுங்கள். "பால் வெட்டுகிறேன், சாயந்தரம் ஆடு பார்க்கிறேன், போன வாரம் இரண்டு ஆடு செத்தது, நான்தான் புதைத்தேன்" என்று முழுதும் சொல்லுங்கள். ஒரு நாள் பேர் போய்விடுமே என்று பயந்து மருந்துக் கடை மாத்திரையை விழுங்கிவிட்டு மரத்தடிக்குப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேலைச் சட்டத்தில் ஆண்டுக்குக் குறைந்தது 14 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை உண்டு. தொழிலால் வந்த நோய் என்று நிரூபணமானால் சொக்சோவில் ஈடு கேட்கலாம். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் அந்த உரிமை இருக்கிறது. ஆனால் நோய்க்கும் தொழிலுக்கும் உள்ள தொடர்பு காகிதத்தில் இல்லாவிட்டால், விதவையின் கையில் வெறும் சாவுச் சீட்டுதான் மிஞ்சும். இத்தகைய வழக்குகளில் நமது வாய் அடைபடும் இடம் இதுவே.

ஆகவே கிளைச் செயலாளர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். அடுத்த கூட்டத்தில் சம்பளப் பேச்சோடு இதையும் எடுங்கள். தோட்டத்து டிரஸ்ஸரின் நோயாளிப் புத்தகத்தில் பெயர், வயது, காய்ச்சல் என்ற பத்திகளுக்குப் பக்கத்தில் 'செய்த வேலை' என்று ஒரு பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கோடு போட்டுச் சேர்க்கும்படி நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். அதற்கு ஒரு பேனாவும் ஓர் அடிக்கோலும் போதும். நிர்வாகம் தரும் பதிலை நமக்கு அனுப்பிவையுங்கள்.