கீழே கடை, மேலே சென்ட்ரிங்: கரன்ட் கிடைக்குமா?

சிம்மக்கல்லில் தரைத்தளத்தை வாடகைக்கு விட்டுட்டு, மாடியைப் பிறகு கட்டிக்கலாம்னு கணக்குப் போடுபவர்கள் கவனிக்கணும். 2019 கட்டட விதிகள்படி, வணிகக் கட்டடத்துக்கு நிறைவுச் சான்றிதழ் இருந்தால்தான் நிரந்தர மின் இணைப்பு. சிறிய கட்டடங்களுக்கு மட்டும் விலக்கு. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கி.மீ.க்குள் 9 மீட்டர் உயர வரம்பும் உண்டு.

ஆய்வுக்குப் பிறகே சான்றிதழ், சான்றிதழுக்குப் பிறகே இணைப்பு என்று 2024 டிசம்பர் 17-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சரிதான். ஆனால், கட்டும்போதே அவ்வப்போது ஆய்வு செய்து பதிவு செய்யணும்னும் அதே தீர்ப்பு சொல்கிறது. முதலில் நடக்க வேண்டியது அதுதான். அஸ்திவாரத்தில் தெரியும் தவறைத் திருத்திடலாம். மாடி எழும்பிய பிறகு தெரிந்தால் இடிக்கணும். அப்போது கீழே கடை போட்டவரும் சேர்ந்தே நஷ்டப்படுவார்.