வகுப்பில் பாடம், டவுன்ஷிப்பில் முடிவு: நடுவில் நம்ம பிள்ளைகள் எங்கே?

நியூஜெர்சி அரசு கொஞ்ச வருடம் முன்னால் அடுத்தடுத்து இரண்டு காரியம் செய்தது. 2020 ஜூனில், அமெரிக்காவிலேயே முதல் மாநிலமாகக் காலநிலை மாற்றத்தைப் பள்ளிப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தது. அறிவியலில் மட்டும் இல்லை, சமூகவியல், ஓவியம், உடற்கல்வி வரை பல பாடங்களில் கலந்து சொல்லித் தருகிறார்கள். 2022 செப்டம்பரிலிருந்து இது வகுப்பறைகளில் நடக்கிறது.

இரண்டாவது, 2021 பிப்ரவரியில் கவர்னர் ஃபில் மர்பி கையெழுத்திட்ட ஒரு சட்டம். அதன்படி, மாஸ்டர் பிளானில் நிலப் பயன்பாட்டுப் பகுதியைப் புதிதாக எழுதும் ஒவ்வொரு ஊரும், காலநிலை ஆபத்துகளை மதிப்பிட்டு அதில் சேர்க்க வேண்டும். வெள்ளம் எங்கே வரும், எந்த முக்கியக் கட்டடங்கள் மாட்டிக்கொள்ளும், மக்கள் எந்தச் சாலை வழியாக வெளியேறுவார்கள் என்பதெல்லாம் அதில் வர வேண்டும்.

இரண்டுமே நல்ல காரியம்தான். ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை. பாடம் படிக்கிற பிள்ளைக்கு ஊர்த் திட்டத்தில் இடம் கொடுங்கள் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. இந்த இடைவெளியை நிரப்ப எடிசன், பிளெயின்ஸ்பரோ, சவுத் பிரன்ஸ்விக் பக்கம் இருக்கும் நம்மைப் போன்ற பெற்றோர்கள் நிறைய செய்யலாம்.

அந்த இடைவெளி ஏன் முக்கியம் என்று 2021 செப்டம்பர் 1 ராத்திரி காட்டியது. ஐடா புயலின் மிச்சம் கொட்டிய மழையில் நியூஜெர்சியில் மட்டும் 30 பேர் இறந்தார்கள். பலர் வெள்ளத்தில் சிக்கிய கார்களில் மாட்டிக்கொண்டவர்கள். கடற்கரையில் இருந்தால்தானே பயம் என்று நினைத்திருந்த உள்நாட்டு ஊர்களில்தான் இது நடந்தது. மழையை யாரும் தடுக்க முடியாது. ஆனால் எந்த வயலை கான்கிரீட் ஆக்குவது, ஓடைக்கு எவ்வளவு இடம் விடுவது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். வார நாளில் ராத்திரி ஏழு மணிக்கு, பாதி நாற்காலி காலியாக இருக்கும் பிளானிங் போர்டு கூட்டத்தில்.

டெக்சாஸ் நண்பர்களுக்கு இது புதிது இல்லை. 2017இல் ஹார்வி புயல் வந்தபோது ஹியூஸ்டன் அருகே கேட்டி பக்கம், பார்க்கர் நீர்த்தேக்கத்தை ஒட்டிய குடியிருப்புகளில் தண்ணீர் புகுந்தது. தேக்கம் நிரம்பினால் இந்த மனைகளில் தண்ணீர் நிற்கலாம் என்று மனை வரைபடத்தில் சின்னதாக ஒரு குறிப்பு இருந்தது. வீடு வாங்கிய பலர் அதைப் பார்த்ததே இல்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் சுருங்கிய கதை தெரிந்த சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

"நாம விசாவில் இருக்கோம், ஓட்டே இல்ல, நமக்கெதுக்கு இதெல்லாம்?" என்று நம் ஆட்களில் பலர் கேட்பதுண்டு. ஆனால் மாஸ்டர் பிளானை ஏற்கும் முன் பொது விசாரணை நடத்தியாக வேண்டும். டவுன்ஷிப் கவுன்சில் கூட்டத்திலும் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கியாக வேண்டும். அங்கே மைக் முன் நிற்பவரிடம் பாஸ்போர்ட்டின் நிறத்தை யாரும் கேட்பதில்லை, வயதையும் கேட்பதில்லை. எச்4 விசாவில் வளரும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். 18 வயதானாலும் அவர்களுக்கு ஓட்டு கிடையாது. கிரீன் கார்டு வரிசை நகரவில்லை என்றால் 21 வயதில் விசாவும் கைவிட்டுப் போகும். வளர்ந்த ஊரைப் பற்றி அவர்கள் பேசக்கூடிய இடம் இன்றைக்கு இந்தக் கூட்டம்தான்.

மற்ற இடங்களில் கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறது. நியூஆர்க்கில் 2025 ஏப்ரலில் 16, 17 வயதினர் பள்ளி வாரியத் தேர்தலில் முதல் தடவை ஓட்டுப் போட்டார்கள். பே ஏரியாவில் பெர்க்லி, ஓக்லண்ட் இரண்டு நகரங்களிலும் அதே உரிமை 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

ஓட்டைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 'ஒய்-பிளான்' திட்டம். இருபது வருடத்துக்கும் மேலாக நடக்கிறது. ரிச்மண்ட், ஓக்லண்ட் மாதிரி நகரங்களில் நகராட்சி அதிகாரிகள் தங்கள் மேஜையில் இருக்கும் ஒரு நிஜமான கேள்வியைப் பள்ளி மாணவர்களிடம் கொடுக்கிறார்கள். மாணவர்கள் தெருவில் இறங்கிப் பார்த்து, அங்கே இருப்பவர்களிடம் பேசி, யோசனைகளை அதிகாரிகள் முன் வைக்கிறார்கள். கடல் மட்டம் உயர்வது, வெள்ளம் போன்ற விஷயங்களும் இதில் வந்திருக்கின்றன.

இது வெறும் போட்டோவுக்குப் போஸ் கொடுப்பதாக முடியும் ஆபத்தும் உண்டு. ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992இல் யுனிசெஃப்புக்காக எழுதியபோது, குழந்தைகளின் பங்கேற்பை ஒரு ஏணியாக வரைந்தார். கீழ்ப் படிகளில் பிள்ளைகள் அலங்காரப் பொம்மை, பேருக்கு ஒரு ஆள், அவ்வளவுதான். மேலே போகப் போகத்தான் முடிவில் உண்மையான பங்கு. நம் வீடுகளில் காலேஜ் அப்ளிகேஷனுக்காகச் சேர்க்கும் 'வாலன்டியர் அவர்ஸ்' பலவும் அந்தக் கீழ்ப் படிகளோடு நின்றுவிடுகின்றன. மரம் நடுவது தப்பில்லை. ஆனால் அந்த மரத்துக்குப் பக்கத்தில் ஒரு வேர்ஹவுஸுக்கு அனுமதி கொடுக்கிற கூட்டத்தில் யாரும் இல்லை என்றால், நட்ட கணக்கு வெட்டிய கணக்கில் போய்விடும்.

என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றுவது மூன்று.

முதலாவது, டவுன்ஷிப்பிடம் கேட்க வேண்டியது. காலநிலை மதிப்பீடு எழுதும் குழுவில் இரண்டு மாணவர்களுக்காவது இடம் வேண்டும். அவர்கள் சொல்லும் யோசனை ஒவ்வொன்றுக்கும் ஏற்கிறோம், இல்லை, காரணம் இது என்று எழுத்தில் பதில் வர வேண்டும். நியூஜெர்சியில் 1968 சட்டத்தின் கீழ் பல ஊர்களில் சுற்றுச்சூழல் ஆணையங்கள் இயங்குகின்றன. சில ஊர்களில் மாணவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். உங்கள் ஊரில் உண்டா என்று கேளுங்கள்.

இரண்டாவது, நம் தமிழ்ப் பள்ளிகள். மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டு விழா நாடகத்தோடு இன்னொரு வேலையும் கொடுக்கலாம். ஊரின் வெள்ள வரைபடத்தைப் படித்து, தாத்தா பாட்டிக்குப் புரியும் தமிழில் விளக்க வேண்டும். செல்போனில் அலறும் வெள்ள எச்சரிக்கை தமிழில் வருவதில்லை. ஊரிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கும் பெரியவர்களுக்கு அதைப் படித்துச் சொல்வது பெரும்பாலும் வீட்டில் இருக்கும் பிள்ளைதானே?

மூன்றாவது, பெற்றோர் வேலை. கூட்டத்துக்குக் காரில் கொண்டுபோய் விடுங்கள், கூடவே உட்காருங்கள். என்ன பேச வேண்டும் என்பதைப் பிள்ளையே எழுதட்டும்.

"படிக்கிற பிள்ளையை இதில் ஏன் இழுக்கணும்?" என்பது நியாயமான கேள்வி. அவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நான் சொல்லவில்லை. வேர்ஹவுஸ் வந்தால் ஊருக்கு வரி வரும், பள்ளிக்கும் அதில் பங்கு உண்டு. அந்தக் கணக்கையும் அவர்கள் பார்க்கத்தான் வேண்டும். பொறுப்பும் செலவும் பெரியவர்களுடையதே. ஆனால் இன்று போடும் மழைநீர்க் குழாய் 2050இலும் மண்ணுக்கடியில் இருக்கும். இன்று 16 வயதில் இருக்கும் பிள்ளை அப்போது நாற்பதைத் தொட்டிருக்கும். அந்தக் குழாய் போதுமா போதாதா என்பது நம்மைவிட அவர்கள் வீட்டு பேஸ்மென்டில்தான் தெரியும்.

மாஸ்டர் பிளானைக் குறைந்தது பத்து வருடத்துக்கு ஒரு தடவை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது இங்கே சட்டம். உங்கள் டவுன்ஷிப்பில் அடுத்தது எப்போது என்று இணையதளத்தில் பாருங்கள். தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்துவைத்து, அன்று ராத்திரி பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போங்கள்.