ரத்ததான ஃபாரத்தில் பொய் எழுதச் சொல்லாதீங்க



போன ஞாயிறு ஆலய மண்டபத்தில் நடந்த ரத்ததான முகாம் பத்தி நாங்க சிலர் பேசியாகணும். ஒரு அக்கா, 58 வயசு. 1986ல் மிஸ்ஸி படிப்புக்கு இங்கிலாந்து போய் மூணு வருஷம் இருந்தவங்க. அதை ஃபாரத்தில் உள்ளபடியே எழுதினாங்க. டாக்டர் 'உங்க ரத்தம் எடுக்க முடியாதும்மா'ன்னு சொல்லிட்டார். அன்னதானம்கூட சாப்பிடாம, கண் கலங்கிப் போயிட்டாங்க. அதைவிடக் கேவலம், எங்க மேசையில் இருந்த தொண்டர் ஒருத்தரே, "இல்லைன்னு போட்டிருந்தா யாருக்குக்கா தெரியும்?"னு கேட்டது.

அந்தக் கேள்வி சும்மா கேட்கலை. 1980லிருந்து 1996க்குள் மொத்தம் ஆறு மாசமோ அதுக்கு மேலயோ பிரிட்டனில் இருந்தவங்க இங்கே ரத்தம் கொடுக்கக் கூடாது. அந்தக் காலத்தில் அங்கே 'மேட் கவ்' நோய். செத்த மாட்டையே அரைச்சு மாட்டுக்குத் தீவனமா போட்டதில் பரவியது. (பசுவைத் தெய்வமா கும்பிடற நமக்குக் கேட்கவே கஷ்டமா இருக்கு.) அது மனுஷனுக்கும் வந்தது 1996ல் தெரிஞ்சது. பிரிட்டனில் மட்டும் 178 பேருக்கு வந்தது. மருந்து கிடையாது.

ரத்தத்தை டெஸ்ட் பண்ணிப் பார்க்க வேண்டியதுதானேன்னு கேட்பீங்க. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் எல்லாம் ஒவ்வொரு பையிலும் பார்க்கறாங்க. கிருமியோட மரபணுவையோ, அதை எதிர்த்து உடம்பு உண்டாக்குறதையோ தேடற டெஸ்ட் அதெல்லாம். இந்த நோய்க்குக் காரணமான பிரியான் கிருமியே இல்லை. நம்ம உடம்பில் இருக்கிற புரதமே தப்பா மடிஞ்சு போனது. அதுக்கு மரபணு இல்லை. உடம்பும் அதை அந்நியன்னு நினைச்சு எதிர்க்காது. ஆராய்ச்சிக்கூடத்தில் வழி இருக்கு, ஆனா ரத்த வங்கியில் பை பையா பார்க்கிற டெஸ்ட் இன்னும் வரலை.

பிரிட்டனில் ரத்தம் ஏத்தினதால மூணு பேருக்கு இந்த நோய் வந்து இறந்தாங்க. நாலாவது ஆள் வேற காரணத்தால் இறந்த பிறகுதான், உடம்பில் பிரியான் இருந்தது தெரிஞ்சது. ரத்தம் கொடுத்தவங்க கொடுத்த அன்னிக்கு நல்லாத்தான் இருந்தாங்க. ஆபரேஷனில் எடுத்த 32,441 குடல்வாலைச் சோதிச்சதில் 16ல் தடயம் இருந்ததுன்னு 2013ல் அங்கே அறிக்கையே வந்தது.

"நாங்க மாட்டிறைச்சியே தொடமாட்டோமே"ன்னு அக்கா வீட்டுக்காரர் கேட்டார். நியாயம்தான். ஆனா அங்கே கடையில் வாங்கின சூப், மிட்டாயில் மாட்டுச் சேர்மானம் இருந்ததா இல்லையான்னு யார் சொல்ல முடியும்? அதனால விதி இடத்தையும் வருஷத்தையும் மட்டும் பார்க்குது.

எங்களில் பாதிப் பேர் பேக்டரி ஆளுங்க. மிஷினால் கண்டுபிடிக்க முடியாத குறைன்னா, சரக்கு வாசலில் இறங்கும்போதே நிறுத்திடுவோம். இங்கே வாசல் அந்த ஃபாரம்தான். அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் 2022ல் இந்தத் தடையை எடுத்துட்டாங்க. இங்கேயும் எடுத்தா எங்களுக்கும் சந்தோஷம். ஆனா அதை முடிவு பண்றது மேசையில் உட்கார்ந்திருக்கிற நாங்க இல்லை.

அடுத்த முகாமுக்கு முன்னாடி இந்தக் கேள்வியைத் தமிழில் எழுதி வாசலில் ஒட்டறோம். திருப்பி அனுப்பப்படறவங்களுக்கும் அதே பிரசாதம், அதே மரியாதை. அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாச்சு. அடுத்த தடவை ஃபாரம் விளக்கிச் சொல்ற மேசையில் அவங்கதான் உட்காரப் போறாங்க.